பவளத் தொட்டிக்குக் கொன்ட்ரோலர் செய்பவர்கள் விடும் பிழைகள்

மைனஸ் 127 பாகை. என் கடல்நீர்த் தொட்டியின் ஹீட்டரையும் பம்புகளையும் தானாக இயக்க நான் செய்த கொன்ட்ரோலரின் சின்னத் திரை, ஒரு மார்கழி மாத விடியற்காலையில் காட்டிய வெப்பநிலை அது. மட்டக்களப்புக் கல்லடியில் எவ்வளவு மழை கொட்டினாலும் தண்ணீர் அப்படிக் குளிராது. கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருந்தது. சாதாரணத் தெர்மோமீட்டர் 33 காட்டியது. கல்பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது இலங்கையில் சட்டப்படி குற்றம் என்பதால் நான் வளர்ப்பது கோமாளி மீனும், கடற்சாமந்தி என்ற பூப்போன்ற கடல்விலங்கும்தான். அந்தச் சாமந்தி அன்றைக்கு வெளிறத் தொடங்கியது.

நடந்தது இதுதான். வெப்பநிலை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சரின் எஃகுக் குழாயை உப்புத் தண்ணீர் அரித்து உள்ளே போய்விட்டது. சென்சர் பதில் சொல்லாவிட்டால் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி (ஆயத்தக் கோட்) -127 என்ற எண்ணைத் தரும். நான் எழுதிய கோடில் இருந்ததோ "26க்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு" என்ற ஒரே வரி. கொன்ட்ரோலர் சொன்னபடி செய்தது, இரவு முழுக்க.

எனவே சென்சர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். 20க்குக் கீழோ 35க்கு மேலோ வந்தால் அது வெப்பநிலை அல்ல, சென்சர் கோளாறு என்று எடுத்து ஹீட்டரை நிறுத்தி அலாரம் அடிக்கச் சொல்லுங்கள். கரண்ட் வந்த கையோடு அதே சென்சர் சில வேளை 85 என்றும் சொல்லும். அளக்க முன்னம் அதற்குள் இருக்கும் எண் அது. குழாயை ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் உறை) போட்டு மூடி, இரண்டு முனைகளையும் மீன்தொட்டி சிலிக்கனால் அடையுங்கள். ஹீட்டரிலேயே இருக்கும் தெர்மோஸ்டாட்டை 27இல் வைத்துவிட்டால் கொன்ட்ரோலர் பைத்தியமானாலும் தண்ணீர் கொதிக்காது.

அடுத்தது ரிலே, கொன்ட்ரோலர் சொல்படி ஹீட்டரையும் பம்பையும் போட்டு நிறுத்தும் சுவிட்ச். மலிவாகக் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பல, ஆர்டுயினோவின் பின்னில் (இணைப்பு முனையில்) மின்னழுத்தம் இல்லாதபோதுதான் ஒட்டும். இது தெரியாமல் கோட் எழுதினால் ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் எல்லா ரிலேயும் ஒரு தடவை 'டக்' என்று அடித்து ஓயும். பின்னை முதலில் உயர்நிலைக்கு ஏற்றிவிட்டு அதன் பிறகு அவுட்புட் ஆக்கினால் அது நிற்கும். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கொன்ட்ரோலர் செத்துப்போனால் எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும்? தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் ஓட வேண்டும், ஆகவே அதை ரிலேயின் 'என்சி' முனையில் (ரிலே ஓய்ந்திருக்கும்போது இணைந்திருப்பது) பூட்டுங்கள். ஹீட்டரும் நீர் நிரப்பும் பம்பும் நிற்க வேண்டும், அவை 'என்ஓ' முனைக்கு (ஓய்ந்திருக்கும்போது விட்டிருப்பது). பலர் எல்லாவற்றையும் என்ஓவிலேயே பூட்டிவிட்டு, ஒரு நாள் போர்டு பழுதானபோது மீன்களை மூச்சுமுட்ட விடுகிறார்கள்.

மட்டக்களப்பில் உண்மையான வில்லன் நீர் நிரப்பும் பம்ப்தான் என்பேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று வறண்டு கிடக்கும். தொட்டிக்கு மேலே ஃபேன் போட்டால் தண்ணீர் நன்றாகக் குளிரும், அதே வேகத்தில் வற்றவும் செய்யும். வற்றுவது நன்னீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் நன்னீரை விட்டு நிரப்ப மிதவை சுவிட்ச் ஒன்றை வைக்கிறோம். அந்த மிதவையில் ஒரு நத்தை ஏறிக் குந்தினால் போதும், பம்ப் நிற்காது. 200 லீட்டர் தொட்டிக்குப் பக்கத்தில் 60 லீட்டர் நன்னீர்ப் பீப்பாய் வைத்திருந்தால், வழிந்து வீட்டுத் தரைக்குப் போவது ஒருபக்கம் இருக்க, ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 27 அளவுக்கு இறங்கிவிடும். அதுவே 10 லீட்டர் வாளி என்றால் 33இல் நிற்கும், உயிர் தப்பும். வாளியைச் சின்னதாக வையுங்கள். பம்பை நிறுத்த மேலே இன்னொரு மிதவை போடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி கோடிலும் எழுதுங்கள். குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது, வாளியும் தொட்டியின் நீர்மட்டத்தை விட உயரத்தில் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இழுபட்டு வந்துகொண்டே இருக்கும்.

விளக்கு எரியும் நேரத்துக்கு ஆர்டுயினோவின் உள் எண்ணியை மட்டும் நம்பினால், கரண்ட் போய் வந்ததும் அது பூச்சியத்திலிருந்து தொடங்கும். 2022 மின்வெட்டுக் காலத்தில் அப்படியொரு தொட்டி நடுச்சாமத்தைப் பட்டப்பகல் என்று நினைத்திருக்கும். பட்டரியோடு வரும் டிஎஸ்3231 கடிகாரத்தை வாங்குங்கள், விலை பெரிதில்லை. அந்த உள் எண்ணி ஏறக்குறைய 50 நாளுக்கு ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்பும் என்பதையும் கணக்கில் எடுத்துக் கோட் எழுதுங்கள்.

பிரெட்போர்டில் (வயர்களை ஒட்டாமல் செருகிப் பார்க்கும் பலகையில்) செய்து பார்த்ததை அப்படியே தொட்டிக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். நம்முடைய உப்புக் காற்றில் அதன் முனைகள் சில மாதத்தில் பச்சை பிடிக்கும். ஈயம் வைத்து ஒட்டுங்கள், பெட்டியைத் தண்ணீருக்குப் பக்கவாட்டில், உயரத்தில் பொருத்துங்கள். வயர்கள் பிளக் பொயின்டுக்குப் போக முன்னம் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், அப்போது வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் 230 வோல்ட்டை உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். தண்ணீரின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் சென்சரை முதல் வருடத்தில் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அளவு திருத்துவதிலேயே பொறுமை போய்விடும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் சென்சர், ஹீட்டர், மிதவையை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து ஒரு கிழமை ஓட விடுங்கள். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பாருங்கள், மிதவையைக் கையால் அமுக்கிப் பிடியுங்கள், மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டு நிறுத்துங்கள். சென்சரைப் பிடுங்கிய உடனே ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால், எல்லாம் இன்னும் வாளியிலேயே இருக்கட்டும்.