புதுப் பள்ளியில் நான் ஒட்டிக்கொண்ட விதம்: என் அனுபவம்

அப்பாவுக்கு மாற்றல் வந்ததால் திருப்பூரிலிருந்து ராமேசுவரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்துக்கு வந்து பிளஸ் ஒன் சேர்ந்தேன். மற்றவர்கள் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். என் கொங்குப் பேச்சுக்குச் சிரிப்பார்கள். மதியச் சாப்பாடு தனியாகத்தான். ரொம்ப வலித்தது.

பக்கத்து பெஞ்சுப் பையனிடம், "ஒரு பக்கம் இவ்வளவு அலை, மறுபக்கம் கடல் குளம் மாதிரி இருக்கே, ஏன்டா?" என்று கேட்டேன். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா, அதாவது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும், வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றில் அப்படியே மாறும் என்று மணலில் கோடு போட்டு விளக்கினான். சுற்றி நாலு பேர் கூடி ஆளுக்கொன்று சொன்னார்கள். தெரிந்ததைச் சொல்ல யாருக்குத்தான் பிடிக்காது! அப்புறம் தினமும் ஏதாவது கேட்டேன். படகு வேலையால் வகுப்பைத் தவறவிட்டவனுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்தேன்.

ஏப்ரல் 15-இல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், வலையைச் சரிசெய்ய அவர்களே என்னைக் கூப்பிட்டார்கள்.