நம் தெருவுக்கு யார் பிரதிநிதி? அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவிளக்கு எரியவில்லை என்று சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் மனு கொடுப்பதும், ரயில்வே மேம்பாலம் வேண்டும் என்று வார்டு கவுன்சிலரிடம் முறையிடுவதும் தமிழ்நாட்டில் அன்றாடம் நடக்கின்றன. இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது நியாயமன்று. ஒரே தெருவின் மீது மாவட்டம், வட்டம், ஒன்றியம், வார்டு, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி எனப் பல எல்லைகள் விழுகின்றன. அவை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு அமைப்புகளால், வெவ்வேறு நோக்கத்துக்காக வரையப்பட்டவை. ஓர் எல்லையை வைத்து இன்னொன்றை ஊகிக்கத் தொடங்கும்போதுதான் தவறு நேர்கிறது.

இத்தகைய தவறுகளுள் மிகப் பரவலானது, மாவட்டத்தின் பெயரை வைத்து நாடாளுமன்ற உறுப்பினரை முடிவு செய்வது. இதற்குப் புதுக்கோட்டையை விடத் தெளிவான சான்று இல்லை. 2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. அம்மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிராப்பள்ளியோடும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடும், அறந்தாங்கி ராமநாதபுரத்தோடும், விராலிமலை கரூரோடும் சேர்க்கப்பட்டன. ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் வாழும் மக்களுக்கு நான்கு எம்.பி.க்கள் இருக்கிறார்கள், மாவட்டத் தலைநகரில் இருப்பவரின் எம்.பி. வேறு, அறந்தாங்கியில் இருப்பவரின் எம்.பி. வேறு. பெருநகரங்களிலும் இதே நிலைதான். சென்னை மாநகராட்சிக்குள் அடங்கிய அம்பத்தூர் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதியிலும், மதுரையை ஒட்டிய திருப்பரங்குன்றம் விருதுநகரிலும், கோவை மாவட்டத்து மேட்டுப்பாளையம் நீலகிரியிலும் உள்ளன.

இந்தக் குழப்பத்திலிருந்து மீள எளிய வழி உண்டு. தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகள் ஒவ்வொன்றும் ஆறு முழுச் சட்டமன்றத் தொகுதிகளால் ஆனவை. 234 என்ற எண்ணிக்கையும் அப்படித்தான் பொருந்தி வருகிறது. ஆகவே சட்டமன்றத் தொகுதியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் மக்களவைத் தொகுதியும் தானாகத் தெரிந்துவிடும். எதிர்த்திசையில், அதாவது எம்.பி.யிலிருந்து எம்.எல்.ஏ.வைத் தேடிப் போவது பயன் தராது.

சட்டமன்றத் தொகுதியைக் கண்டறியப் பலர் வாக்காளர் அட்டையைப் புரட்டுகிறார்கள். வீடு மாறிய பிறகு படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றாதவர்களின் அட்டையில் பழைய வீட்டின் தொகுதியே இருக்கும். 2008-க்கு முன் அச்சான அட்டையில் இன்று இல்லாத தொகுதியின் பெயர்கூட இருக்கலாம். இப்போது குடியிருக்கும் தெரு எந்த வாக்குச்சாவடிக்கு உட்பட்டது என்பதைத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, 1950 என்ற உதவி எண்ணிலோ உறுதி செய்துகொள்வதே சரியான முறை. பழைய ஊரில் வாக்குரிமை வைத்திருப்பவர்கள், இங்குள்ள உறுப்பினரிடம் கேட்கத் தமக்கு உரிமை இல்லை என்று தயங்குவதுண்டு. அந்தத் தயக்கம் தேவையற்றது. நீங்கள் நடக்கும் சாலைக்கும் குடிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பானவர் அவரே.

உள்ளாட்சிக்கு வந்தால் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வாக்காளர் உள்ளாட்சியில் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது தம் வார்டு உறுப்பினர் ஒருவரை மட்டுமே. 2022 தேர்தலில் மேயர்களையும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களையும் அந்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கிராம வாக்காளரோ ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் என நால்வருக்கு நான்கு வண்ண வாக்குச் சீட்டுகளில் வாக்களிக்கிறார். எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் சேர்த்தால் நகரத்தாருக்கு மூன்று பிரதிநிதிகள், கிராமத்தாருக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. இரண்டு ஊராட்சிகளை இணைக்கும் சாலை போன்ற பணிகள் பெரும்பாலும் ஒன்றிய அளவில் முடிவாகின்றன என்பதால், இது சாதாரண இழப்பன்று.

கிராமங்களில் மற்றொரு குழப்பமும் உண்டு. பட்டாவிலும் சிட்டாவிலும் காணும் வருவாய்க் கிராமமும் வட்டமும் வேறு. ஊராட்சியும் ஒன்றியமும் வேறு. நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறது என்பது வீடு எந்த ஊராட்சியில் இருக்கிறது என்பதற்கு விடையாகாது. கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் அரசு அலுவலர்களே தவிர, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

நகரங்களில் பழைய வார்டு எண்ணை நம்புவது அடிக்கடி ஏமாற்றும். 2011-இல் விரிவாக்கப்பட்டபோது சென்னையின் வார்டுகள் 155-இலிருந்து 200 ஆயின. பின்னர் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து மாநிலம் முழுவதும் வார்டுகள் மீண்டும் வரையப்பட்டன. வீட்டுச் சுவரிலோ பழைய வரி ரசீதிலோ உள்ள எண் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் அதை வைத்துக் கவுன்சிலரைத் தேடக் கூடாது.

ஒரு தவறை மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 50 சதவீத இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அப்படியிருந்தும் பல ஊர்களில் பெண் உறுப்பினரின் கணவரையே 'கவுன்சிலர்' என்றும் 'தலைவர்' என்றும் அழைத்து, மனுவை அவர் கையில் கொடுக்கும் பழக்கம் நீடிக்கிறது. மன்றக் கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றவர் அந்தப் பெண் மட்டுமே. கணவரிடமோ, கட்சியின் வட்டச் செயலாளரிடமோ கொடுத்த மனு மன்றத்தின் பதிவுக்கு வந்ததாகாது. மனுவில் உறுப்பினரின் பெயரையே எழுதி, அவரிடமே கொடுத்து, ஒப்புதல் பெறுவதை நாம்தான் வழக்கமாக்க வேண்டும்.

கவுன்சிலருக்கு மேல் எம்.எல்.ஏ., அவருக்கு மேல் எம்.பி. என்று படிநிலையாக எண்ணுவதும் சரியன்று. குப்பை, தெருவிளக்கு, தெருச்சாலை ஆகியவை உள்ளாட்சியின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை, அரசுப் பேருந்து, அரசு மருத்துவமனை ஆகியவை மாநில அரசுடையவை. ரயில், அஞ்சல், தேசிய நெடுஞ்சாலை ஆகியவை ஒன்றிய அரசைச் சார்ந்தவை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி பெறும் எம்.பி.க்கு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது.

எல்லாக் காலத்திலும் எல்லா இடங்களும் நிரம்பியிருக்கும் என்று கருதுவதும் தவறே. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு பதவிக்காலம் முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்தல் தள்ளிப்போகும் இத்தகைய காலங்களில், பதவிக்காலம் முடிந்தவரிடம் கொடுத்த மனு எங்கும் பதிவாகாது. தனி அலுவலருக்கு மனுவை எழுதி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒப்புதல் சீட்டு பெறுவதோடு, அதே கோரிக்கையைக் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை தமிழ்நாட்டில் அக்கூட்டத்துக்கென வகுக்கப்பட்ட நாள்கள்.