மலிவு எஸ்.டி.எம். கன்ட்ரோலர்: எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது?

எஸ்.டி.எம். எனப்படும் ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பை 1981-இல் ஐ.பி.எம்.மின் ஜூரிக் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கினார்கள். கூரான ஊசியை மாதிரியின், அதாவது பார்க்க வேண்டிய பொருளின், மேற்பரப்புக்கு மிக அருகில் நகர்த்தி, நடுவே பாயும் மின்னோட்டத்தை அளந்து அணு அளவில் படம் எடுக்கும் கருவி அது. 1986-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். இன்று பஸ்ஸரில் இருக்கும் பீசோ தகட்டையும் (மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுண்ணிய அளவில் அசையும்), கன்ட்ரோலராக, அதாவது ஊசியை ஓட்டும் மின்னணுப் பகுதியாக, ஒரு மைக்ரோகன்ட்ரோலரையும் வைத்து அதை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிகிற காரியம்தான். ஆனால் பலர் வேகமான பிராசஸருக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, ஊசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மின்னோட்டத்தை அளக்கக்கூடிய மின்னழுத்தமாக மாற்றும் ப்ரீஆம்பில் மிச்சம் பிடிக்கிறார்கள். கணக்கு தலைகீழாக இருக்க வேண்டும்.

ஊசிக்கும் மாதிரிக்கும் நடுவே பாய்வது சுமார் 1 நானோ ஆம்பியர். டப்பாவில் கிடந்த பழைய 741 ஆப்-ஆம்பை (ப்ரீஆம்பின் மையமான பெருக்கி ஐ.சி.) எடுத்துப் போட்டால், அதன் உள்ளீட்டுக் கால் தன் தேவைக்கே வழக்கமாக 80 நானோ ஆம்பியர் இழுக்கும். அப்புறம் எதை அளப்பது? பிகோ ஆம்பியர் (நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலோ அதற்கும் கீழேயோ இழுக்கிற எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் உள்ளீட்டு வகை ஆப்-ஆம்ப்தான் வேண்டும்.

சரியான ஐ.சி.யை வாங்கியும் சிலருக்கு வேலை செய்யாது. குற்றவாளி, சால்டரிங்கின்போது படிந்த ஃபிளக்ஸ், அதாவது ஈயம் ஒட்ட உதவும் பசை. 15 வோல்ட் தடத்திலிருந்து உள்ளீட்டுக் காலுக்கு அந்த அழுக்கு வழியாக 10 கிகா ஓம் கசிவு இருந்தாலே 1.5 நானோ ஆம்பியர் ஓடிவிடும். அதாவது, நீங்கள் தேடுகிற மின்னோட்டத்தைவிட அதிகம். சாதாரண மல்டிமீட்டர் இதைக் காட்டாது. ஈரப்பதம் ஏறினால் இன்னும் மோசமாகும். போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகக் கழுவுங்கள். உள்ளீட்டுக் காலைப் போர்டில் பற்றவைக்காமல் மேலே வளைத்து, மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்றித் தரும் 100 மெகா ஓம் ரெசிஸ்டரை அந்தரத்திலேயே அதோடு சேருங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக 0.5 பிகோ ஃபாரட் கூடினாலே அலைவரிசை அகலம் (ப்ரீஆம்ப் ஈடுகொடுக்கும் மாற்றங்களின் வேகம்) 3 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். ப்ரீஆம்பைத் தள்ளி வைத்து நீளமான கேபிளில் இணைப்பது இரைச்சலை விலைக்கு வாங்குவது.

அடுத்தது டி.ஏ.சி., அதாவது மைக்ரோகன்ட்ரோலரின் எண்ணைப் பீசோவை அசைக்கும் மின்னழுத்தமாக மாற்றும் சில்லு. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் 'அனலாக்ரைட்' கட்டளை தருவது பி.டபிள்யூ.எம்., அதாவது வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் துடிப்புதான், நிலையான மின்னழுத்தம் அல்ல. சரி, 12 பிட் டி.ஏ.சி. போதுமா? பீசோ ஒரு வோல்ட்டுக்கு 100 நானோமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 வோல்ட் வீச்சை 4,096 பங்காக்கினால் ஒரு படி 0.49 நானோமீட்டர். தங்கப் பரப்பில் ஓர் அணு உயரமுள்ள மேடே 0.235 நானோமீட்டர்தான்! இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினால் மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு மாறும். எனவே இந்த ஒரே படியில் ஊசி முட்டிவிடலாம். 16 பிட்டில் அது 0.03 நானோமீட்டராகக் குறையும். காசு போட வேண்டிய இரண்டாவது இடம் இது.

இதே பத்து மடங்குக் குணத்தால்தான், மின்னோட்டத்தைப் பார்த்து ஊசியை ஏற்றி இறக்கும் ஃபீட்பேக்கில், வர வேண்டிய மின்னோட்டத்திலிருந்து வந்ததை அப்படியே கழித்துப் பார்ப்பது தவறாகிறது. ஊசி தள்ளியிருக்கும்போது மந்தமாகவும், நெருங்கும்போது முரட்டுத்தனமாகவும் நடக்கும். இரண்டுக்கும் மடக்கை (லாகரிதம்) எடுத்துவிட்டுக் கழியுங்கள். அந்தக் கணக்கு ஓடும் இன்டரப்டுக்குள் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல் பகுதி) கம்ப்யூட்டருக்கு எழுத்து அனுப்பும் சீரியல் பிரின்ட் எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள், நேரம் தாறுமாறாகும்.

ஊசியை மாட்டும் முன் அதன் இடத்தில் ஒரு 100 மெகா ஓம் ரெசிஸ்டரை வைத்து 0.1 வோல்ட் கொடுங்கள். 1 நானோ ஆம்பியர் பாய்ந்து, ப்ரீஆம்ப் வெளியீட்டில் 0.1 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் இயந்திரப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

முதல் படத்தில் சாய்வான கோடுகள் சீராக வரிசை கட்டி நின்றால் உடனே அணுக்கள் என்று நண்பர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஸ்கேன் வேகத்தை மாற்றிப் பாருங்கள். கோடுகளின் இடைவெளியோ சாய்வோ கூடவே மாறினால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கன்ட்ரோலரை பேட்டரியில் ஓட்டி மறுபடியும் எடுங்கள்.