ஜே-1 விசாவில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வாளராகப் போகிறீர்களா? படிப்படியாகப் பார்ப்போம்

அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் "எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சில மாதம் வேலை செய்யுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பியதும், பெரும்பாலோர் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்குமா என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான விசா. அதற்கு முதலில் கைக்கு வர வேண்டியது, திட்டத்தில் உங்களைச் சேர்த்ததைக் காட்டும் டிஎஸ்-2019 என்ற படிவம். அதைப் பல்கலைக்கழகம்தான் தரும், தூதரகம் அல்ல. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்பதற்கு மட்டுமே. எத்தனை நாள் தங்கலாம், எங்கே வேலை செய்யலாம், யாரிடம் பணம் வாங்கலாம் என்பதெல்லாம் இந்தப் படிவத்தைப் பொறுத்தது.

படி 1: எந்த வகை என்று பேசி முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜே-1ல் பல பிரிவுகள் உண்டு. வருகை ஆய்வாளர்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவை இரண்டு. ஒன்று ஷார்ட் டேர்ம் ஸ்காலர்: அதிகபட்சம் 6 மாதம், நீட்டிப்பே கிடையாது. இன்னொன்று ரிசர்ச் ஸ்காலர்: அதிகபட்சம் 5 வருடம்.

"எதற்கும் பெரிய வகையிலேயே வாங்கிவிடலாம்" என்றுதான் தோன்றும். அவசரப்படாதீர்கள். நான்கு மாத வேலைக்கு ரிசர்ச் ஸ்காலராகப் போகிறீர்கள், வேலை முடிந்து ஊர் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். திட்டம் முடிந்ததாகப் பதிவானதும், அடுத்த 24 மாதத்துக்கு அதே வகையில் மறுபடி ஜே-1 தொடங்க முடியாது. மீதமிருந்த நாலு வருடம் எட்டு மாதமும் போனதுதான். அடுத்த வருடமே அதே ஆய்வகம் போஸ்ட்டாக் வேலை தந்தாலும் ரிசர்ச் ஸ்காலராகப் போக வழியில்லை. ஷார்ட் டேர்ம் ஸ்காலருக்கு இந்தத் தடை இல்லை. ஆறு மாதத்துக்குள் முடிகிற வேலை, பின்னால் திரும்பிப் போகும் வாய்ப்பும் இருக்கிறது என்றால், நான் ஷார்ட் டேர்மைத்தான் கேட்கச் சொல்வேன். ஆறு மாதத்தைத் தாண்டலாம் என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் ரிசர்ச் ஸ்காலர்தான் சரி, ஏனென்றால் பாதியில் வகை மாற்றுவது அநேகமாக நடக்காது.

இன்னொரு தடையும் உண்டு. கடந்த 12 மாதத்துக்குள் ஏதாவது ஒரு ஜே வகையில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் உடனே ரிசர்ச் ஸ்காலராகப் போக முடியாது. கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக ஜே-2ல் இருந்த காலமும் கணக்கில் வரும். ஷார்ட் டேர்ம் ஸ்காலராக இருந்த காலம் வராது.

சில நாள் போய் உரை நிகழ்த்திவிட்டு வருவதற்கு ஜே-1 தேவையில்லை, குறுகிய வருகைக்கான பி-1 விசா போதும். அதில் ஒரே நிறுவனத்தில் 9 நாள் வரை, ஆறு மாதத்தில் 5 நிறுவனங்கள் வரை மதிப்பூதியம் வாங்கலாம்.

படி 2: படிவத்துக்கு விண்ணப்பியுங்கள்

துறை அலுவலகம் உங்கள் கோப்பைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு அனுப்பும். பாஸ்போர்ட் நகல், கல்வித் தகுதி விவரம், ஆய்வுத் திட்டம், ஆங்கிலத் திறனுக்குச் சான்று, பணத்துக்குச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். சம்பளம் தருகிறார்கள் என்றால் நியமனக் கடிதம் போதும். சொந்தப் பணத்திலோ உதவித்தொகையிலோ போனால் வங்கிக் கணக்கு விவரம் அல்லது உதவித்தொகைக் கடிதம் வேண்டும். குடும்பம் கூட வருகிறது என்றால் அவர்கள் விவரத்தையும் இப்போதே கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் தனி டிஎஸ்-2019 வரும்.

படிவம் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வந்துவிடுகிறது. அச்சிட்டுக் கையெழுத்துப் போடும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? மூன்றாம் கட்டத்தில் தேதிகள் சரியா? நான்காம் கட்டத்தில் நீங்கள் பேசி முடிவு செய்த வகைதான் இருக்கிறதா? ஐந்தாம் கட்டத்தில் பணம் யார் தருவதாக எழுதியிருக்கிறது? தப்பு இருந்தால் புதுப் படிவம் கேளுங்கள், பேனாவால் திருத்தாதீர்கள். மேலே வலது மூலையில் N என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவது உங்கள் செவிஸ் எண் (செவிஸ் என்பது இப்படி வருகிறவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு). அடுத்த படியில் தேவைப்படும்.

படி 3: கட்டணம், நேர்காணல்

செவிஸ் கட்டணம் 220 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். இரண்டும் வேறு வேறு, ஒன்றைக் கட்டினால் மற்றது கட்டியதாக ஆகாது. தொகை மாறக்கூடியது, கட்டும் நாளில் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜே-2ல் வருபவர்களுக்குச் செவிஸ் கட்டணம் கிடையாது, விசாக் கட்டணம் உண்டு.

இணைய விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் கடந்த 5 வருடத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்பார்கள். 2025 ஜூன் முதல் ஜே விண்ணப்பதாரர்கள் அந்தக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடம்தான். என்ன ஆய்வு, யார் பணம் தருகிறார்கள், முடிந்ததும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை உங்கள் துறையைத் தெரியாதவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பழகுங்கள். ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒப்பிக்க வேண்டாம்.

படி 4: ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு உண்டா?

212(இ) என்று சொல்வார்கள். அது பொருந்தினால், சொந்த நாட்டில் மொத்தம் இரண்டு வருடம் இருந்து முடிக்கும் வரை, அல்லது விலக்கு வாங்கும் வரை, எச்-1பி, எல் ஆகிய வேலை விசாக்கள், நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டு எதுவும் கிடைக்காது. முன்னே சொன்ன 24 மாதத் தடையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. அந்தத் தடை ரிசர்ச் ஸ்காலராகத் திரும்ப வருவதை மட்டும்தான் நிறுத்தும், எச்-1பிக்குத் தடை இல்லை.

212(இ) மூன்று வழியில் வரும்: அமெரிக்க அரசோ உங்கள் அரசோ இந்தத் திட்டத்துக்குப் பணம் தந்தால், மருத்துவர் பயிற்சிக்காக வந்தால், உங்கள் நாடும் துறையும் அமெரிக்க வெளியுறவுத் துறையின் திறன் பட்டியலில் (எந்த நாட்டுக்கு எந்தத் துறை ஆட்கள் தேவை என்ற பட்டியல்) இருந்தால். 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது இந்தியாவை எடுத்துவிட்டார்கள். அதற்காக நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்: ஃபுல்பிரைட் மாதிரி அரசுப் பணத்தில் போகிறவர்களுக்கு நிபந்தனை அப்படியேதான் இருக்கிறது.

படி 5: காப்பீடு

இது விருப்பமல்ல, சட்டம். ஒரு விபத்துக்கோ நோய்க்கோ குறைந்தது 1,00,000 டாலர், அவசரமாக நாட்டுக்கு அனுப்பும் மருத்துவச் செலவுக்கு 50,000, உடலைத் தாயகம் கொண்டு செல்ல 25,000. உங்கள் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய பங்கு ஒரு நோய்க்கு 500 டாலரைத் தாண்டக் கூடாது. குடும்பத்துக்கும் இதே அளவு. மலிவான பயணக் காப்பீடுகள் அந்த 500ல்தான் தவறிவிடும், அதனால் பாலிசியில் முதலில் அதைப் பாருங்கள்.

படி 6: போய் இறங்கியதும்

திட்டத் தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன் நுழைய முடியாது. டிஎஸ்-2019 கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள், குடியேற்ற அதிகாரி கேட்பார். ஓரிரு நாளில் இணையத்தில் ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவை எடுத்துப் பாருங்கள். வகை ஜே-1 என்று இருக்க வேண்டும். தங்கும் கெடுவில் வழக்கமாக டி/எஸ் (ஜே-1 தகுதி நீடிக்கும் வரை) என்று இருக்கும், தேதி போட்டிருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. தவறிருந்தால் உடனே சர்வதேச அலுவலகத்திடம் சொல்லுங்கள்.

அந்த அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்வதைத் தள்ளிப் போடாதீர்கள். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அவர்கள் உங்களைச் செவிஸில் உறுதிப்படுத்தியாக வேண்டும். அது நடந்த பிறகுதான் சம்பளத்துக்கும் வரிக்கும் கேட்கப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைச் சொல்லுங்கள்.

படி 7: இருக்கும் காலத்தில்

வேறு பல்கலைக்கழகம் பணம் தந்து உரைக்கு அழைத்தால், போவதற்கு முன்பே உங்கள் சர்வதேச அலுவலகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும். பணம் வாங்கிய பின் கேட்டால் பயன் இல்லை. வெளிநாடு போய் வர டிஎஸ்-2019ன் கீழ்ப்பகுதியில் பயணக் கையெழுத்து இருக்க வேண்டும். ஒரு வருடம் செல்லும், ஷார்ட் டேர்ம் ஸ்காலருக்கு ஆறு மாதம். ஜே-2ல் உள்ளவர் வேலை செய்ய ஐ-765 என்ற விண்ணப்பத்தைப் போட்டு அனுமதி அட்டை வாங்க வேண்டும்.

அப்புறம் வரி. சம்பளமே இல்லாவிட்டாலும் வரித் துறைக்கு 8843 என்ற படிவம் அனுப்ப வேண்டும். ஆய்வாளருக்கு முதல் இரண்டு காலண்டர் வருடம் வரிக் கணக்கில் வெளிநாட்டவர் என்றே வைப்பார்கள், அந்தக் காலத்தில் சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) பிடித்தம் கிடையாது. முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள், பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். டிசம்பர் 28ல் இறங்கினால் அந்த மூன்று நாலு நாளே ஒரு முழு வருடமாகக் கணக்காகும். தேதியை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் ஜனவரியில் போவது லாபம். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் இரண்டு வருட விலக்கும் உண்டு, ஆனால் தங்குதல் இரண்டு வருடத்தைத் தாண்டினால் முழுக் காலத்துக்குமான விலக்கு பறிபோகும். மூன்று வருடம் இருக்கப் போகிறோம் என்று தெரிந்தால், இந்த விலக்கைக் கேட்கும் 8233 படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

படி 8: கிளம்பும்போது

திட்டம் முடிந்த பின் 30 நாள் கிடைக்கும். மூட்டை கட்ட, சுற்றிப் பார்க்க அது போதும். வேலை செய்யக் கூடாது, வெளியே போனால் அதை வைத்துத் திரும்ப நுழையவும் முடியாது. நீட்டிப்பு வேண்டுமானால் மூன்றாம் கட்டத்தில் உள்ள கடைசித் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும், அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே துறையிடம் பேச்சைத் தொடங்குங்கள். முன்கூட்டியே கிளம்பினாலும் சர்வதேச அலுவலகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள், 24 மாதக் கணக்கு அவர்கள் பதிவு செய்யும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.