கன்வர்ட்டர் மாற்றியாச்சு, இனி சைலன்சரைச் சரியாகத் தொங்கவிடுவோம்

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பழசானதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிய கார் கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒருநாள் ஹம்ப் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெங்களூரில் ஹம்ப்புக்கா பஞ்சம்? அந்தச் சத்தம் சீக்கிரமே காதுக்குப் பழகிவிடும். தயவுசெய்து பழகவிடாதீர்கள். அநேகமாகப் புது கன்வர்ட்டரில் எந்தக் குறையும் இருக்காது. அதைத் தாங்க வேண்டியவை சரியாக மாட்டப்படாமல் இருக்கும். இந்த வேலையை நிதானம் உள்ள யாரும் வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடும். புகைக் குழாயோ எஞ்சினில் போல்ட் போட்டு இறுக்கியது. எஞ்சின் ஆடினால் அதுவும் ஆடும். ஆனால் குழாயின் மறுமுனை காரின் பாடியில் தொங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் பின்னல் கம்பி போர்த்திய ஃப்ளெக்சிபிள் பைப் ஒன்று இருக்கும். பெல்லோ என்றும் சொல்வார்கள். சில கார்களில் அதற்குப் பதிலாக ஸ்பிரிங் போல்ட் போட்ட உருண்டை ஜாயிண்ட் இருக்கும். இதுதான் எல்லை. இதற்கு முன்னால் இருப்பதெல்லாம் எஞ்சினோடு சேர்ந்தது, அதை எஞ்சினிலிருந்துதான் தாங்க வேண்டும். இதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பாடியைச் சேர்ந்தது, அதை ரப்பரில் தொங்கவிட வேண்டும். எல்லையைத் தாண்டி எதையாவது இறுக்கிக் கட்டினால் அது இன்றோ நாளையோ விரிசல் விடும்.

உங்கள் கன்வர்ட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது? பழைய கார்கள் பலவற்றில் தரைக்கு அடியில் இருக்கும். புதிய கார்களில், குறிப்பாக 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்த பிறகு வந்தவற்றில், பெரும்பாலும் எஞ்சினை ஒட்டி, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கன்வர்ட்டர் வேலை செய்யத் தொடங்க 250 முதல் 300 டிகிரி வரை சூடு வேண்டும். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சூடேறும். இரண்டு கன்வர்ட்டர் உள்ள கார்களும் உண்டு, அவற்றில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடை, ஸ்பானர் செட், கண்ணாடி, கையுறை, ஒரு மரக்கட்டை, சோப்புத் தண்ணீர். சைலன்சர் ரப்பர்களை உங்கள் மாடல் பெயரும் வருஷமும் சொல்லி, பெங்களூரில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்டு வாங்கலாம். பழைய ரப்பர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் "அண்ணா, இதே மாதிரி" என்று காட்டினால் வேலை சுலபம். ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் பொருந்த வேண்டும். நீளமான ரப்பர் போட்டால் குழாய் தாழ்ந்து ஹம்ப்பில் இடிக்கும், குட்டையானது போட்டால் பாடியில் உரசும்.

வண்டி ஓடி நின்றதும் அடியில் போகாதீர்கள். கன்வர்ட்டரின் உள்சூடு பல நூறு டிகிரி, ஆற மணிக்கணக்காகும். சமதளத்தில் நிறுத்துங்கள், அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்டின் சரிவில் வேண்டவே வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு அடை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்டக் கூடாது.

இப்போது படுத்துக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரை நிதானமாகப் பாருங்கள். கன்வர்ட்டர் எஞ்சினை ஒட்டி இருந்தால், அதன் கீழ்ப்பகுதியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குப் போகும் ஒரு தகட்டுப் பட்டை பல கார்களில் இருக்கும். ஸ்டே பிராக்கெட் என்பார்கள். கன்வர்ட்டர் மாற்றும்போது இதை விட்டுவிடுவது சகஜம், ஏனென்றால் அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் அந்தக் கனம் முழுவதும் அப்புறம் மேனிஃபோல்டின் கழுத்தில் தொங்கும், ஒவ்வொரு அதிர்விலும் அங்கேதான் இழுக்கும். மேனிஃபோல்டு விரிசல் விட்டால் செலவு பெரிது. கடையில் கழற்றிப் போட்ட பழைய பிராக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். மாட்டும்போது இரண்டு முனை போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, முதலில் மேலே ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போடும் விளிம்பை, இறுக்கி, கடைசியில்தான் பிராக்கெட்டை இறுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிராக்கெட்டே கன்வர்ட்டரை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கன்வர்ட்டர் தரைக்கு அடியில் இருந்தால் வேறு சிக்கல். கம்பெனி கன்வர்ட்டரில் ரப்பர் மாட்டும் கொக்கிக் கம்பி வெல்டு செய்தே வரும். வெளிச்சந்தையில் வாங்கியதில் அது இல்லாமல் போகலாம். அப்போது பாடியில் உள்ள ரப்பர் சும்மா தொங்கும், கனமெல்லாம் ஃப்ளெக்சிபிள் பைப்பில் இறங்கும். அந்த பைப் அசைவைத் தாங்கத்தான் செய்தது, கனத்தைச் சுமக்க அல்ல. பின்னல் கம்பி ஒரு பக்கம் உப்பியோ அறுந்தோ இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதற்குக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டுவதும், சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுற்றுவதும் ரோட்டோரத்தில் வீடு வந்து சேரும்வரை சரி. அதற்கு மேல் வேண்டாம். எஃகு ஒவ்வொரு 100 டிகிரி சூட்டுக்கும் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். மூன்று மீட்டர் குழாய் சராசரியாக 300 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்கிறது. ரப்பர் அதற்கு வழிவிடும், கம்பி விடாது. கொக்கியுடன் வரும் கிளாம்ப்பைக் கன்வர்ட்டருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள குழாயில் போட்டு, பாடியின் பழைய கொக்கிக்கு நேராகத் திருப்பி மாட்டுவதுதான் முறை. வெல்டு வைப்பதானால் அந்தத் துண்டைக் கழற்றி வெளியே கொண்டுபோய்ச் செய்யச் சொல்லுங்கள்; பெட்ரோல் டேங்க்குக்குப் பக்கத்தில் தீப்பொறி ஆகாது. கன்வர்ட்டரின் உடம்பில் வெல்டு வைக்கவும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூட்டைப் பிடித்திருக்கும் அடைப்பு அந்தச் சூட்டில் கெடலாம்.

ரப்பர்களை ஒவ்வொன்றாகக் கையில் இழுத்துப் பாருங்கள். நல்ல ரப்பரில் ஓட்டை வட்டமாக இருக்கும். கனம் தாங்கிக் களைத்ததில் அது முட்டை வடிவமாக நீண்டு, கம்பி உட்காரும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும்; விரலால் வளைத்தால் வாய் திறக்கும். ஒன்று இப்படி இருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஏனென்றால் மற்றவையும் அதே வயதுதான். கழற்றும் முன் குழாய்க்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாக முட்டுக்கொடுங்கள். கம்பியின் நுனி குமிழ் போலப் பருத்திருக்கும்; சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பரைத் திருகிக்கொண்டே இழுத்தால் வழுக்கி வரும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள். பெரும்பாலான சைலன்சர் ரப்பர்கள் எண்ணெய் பட்டால் ஊறி இளகிவிடும்.

இனி இறுக்கும் வேலை. எல்லா ஜாயிண்டையும் கையால் தளர்வாகப் போட்டு, எல்லா ரப்பரிலும் மாட்டித் தொங்கவிடுங்கள். ஜாயிண்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டுகள் புதிதாக இருக்கட்டும். குழாய் தானாக எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ரப்பர்கள் பக்கவாட்டில் சாயாமல் நேராகத் தொங்க வேண்டும், ஃப்ளெக்சிபிள் பைப் வளையாமல், இழுபடாமல் இருக்க வேண்டும். பாடி, ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், டேங்க் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு விரல் கடையாவது இடைவெளி விடுங்கள். திருப்தி ஆனதும் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் போல்ட் உள்ள ஜாயிண்டில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்வரை திருகினால் ஜாயிண்ட் அசையாது, அது இருந்தும் பயனில்லை. வெப்பத் தகடுகளைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள்.

சரி, வண்டியை இறக்கிவிட்டு, ஆறியிருக்கும்போதே டெயில் பைப்பைக் கையால் எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். குழாய் மிதமாக ஆடி, எங்கும் இடிக்காமல் தன் இடத்துக்கே திரும்ப வேண்டும். பிறகு திறந்த வெளியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன் ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிவு. மூடிய பேஸ்மெண்ட்டில் இதைச் செய்யக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சில நாள் ஓட்டிய பிறகு, ஆறிய நிலையில் போல்ட்டுகளை இன்னொரு முறை பாருங்கள். முதல் சில சூட்டில் கேஸ்கட் அமுங்கி, போல்ட் தளரும்.

இதற்குப் பிறகும் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0420 என்று, அதாவது கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று, வந்தால், புது கன்வர்ட்டர் போலி என்று உடனே முடிவுகட்டாதீர்கள். புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்குச் சற்று முன்னால் ஜாயிண்ட் லேசாகத் திறந்திருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரைக் குழப்பும். கடைக்காரரிடம் கன்வர்ட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போகுமுன் அந்த ஜாயிண்டில் இன்னொரு தடவை சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள்.