மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில்

நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். மணி அடித்தால் போதும், காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். சேட்டை என்று நினைத்து இரண்டு தடவை திட்டியும் விட்டேன். ஒருநாள் யாரோ பெஞ்சை இழுத்த சத்தத்துக்கும் அப்படியே சுருண்டான். சேட்டை இல்லை, சத்தம்தான் அவனுக்குத் தாங்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய சைக்கிள் டியூபை வெட்டி பெஞ்சுக் கால்களில் மாட்டினேன். கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழிருந்து அவனைச் சுவரோரம் மாற்றினேன். மணிக்கு இரண்டு நிமிடம் முன்பே, தோளைத் தொடாமல் (தொட்டாலும் பதறுவான்), "இப்ப அடிக்கும்டா" என்று சொல்லிவிடுவேன். மூன்று வாரத்தில் ஒளிவது நின்றது. காதைப் பொத்துவது நிற்கவில்லை, சரி, பொத்திக்கொள்ளட்டும். எழுதும்போது வரும் ண, ன குழப்பம்தான் பாக்கி. அதற்கு இப்போது தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதுகிறான்.