செல்போன் அடங்கும் நேரத்துக்கு நாலு வாக்கி டாக்கி

அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் மதுரை கோரிப்பாளையத்தில் நின்று செல்போனில் பேச முயன்றவர்களுக்குத் தெரியும்: சிக்னல் முழுசாகக் காட்டும், கால் மட்டும் போகாது. மழைவெள்ளத்தில் நிலைமை இன்னும் மோசம். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கிவிட்டால் சிக்னலே இருக்காது. வைகைக் கரையில், ஆழ்வார்புரம், மதிச்சியம், செல்லூர்ப் பக்கம் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து நாலு வாக்கி டாக்கி வைத்துக்கொண்டால் இந்த இடைவெளியைச் சமாளிக்கலாம். ஆனால் கடையில் எடுத்து அப்படியே பேசக்கூடிய பொருள் அல்ல இது.

முதலில் சட்டம். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018 முதல் லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் அந்த மாடலுக்கு இ.டி.ஏ. எனப்படும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். விற்பவரிடம் அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் செட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'லைசன்ஸ் வேண்டாம்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது போதாது. அலைவரிசையைக் குறிப்பிடாமல் விற்கும் செட்டைத் தொடாதீர்கள்.

இரண்டு வகை செட்டுகளில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவது. அது 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். அங்கே அனுமதி உண்டு, இங்கே அந்த விலக்கு இல்லை. மற்றொன்று, பாவ்ஃபெங் போன்ற 5 வாட் செட். ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்கு லைசன்ஸ் உள்ளவர்கள் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸில் பயன்படுத்தும் ரகம் அது. அதை 446-க்குத் திருப்பிப் பேசினால் சட்டப்படி தப்பு. அரை வாட் அளவில் இயங்க வேண்டிய இடத்தில் பத்து மடங்கு சக்தியைக் கொட்டுகிறீர்கள். நீண்ட தூரம் பேச வேண்டும் என்று உண்மையிலேயே ஆசையிருந்தால் தேர்வு எழுதி ஹாம் ஆகுங்கள்; 12 வயது நிரம்பியவர்கள் யாரும் எழுதலாம்.

வாங்கும்போது பெட்டியில் '10 கி.மீ.' என்று இருக்கும். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். காலி கண்மாய்க் கரையில் இருவர் எதிரெதிரே நின்றால் மூன்று நான்கு கிலோமீட்டர் கிடைக்கலாம். மாசி வீதி மாதிரி நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அரை கிலோமீட்டர் தாண்டினாலே சந்தோஷம். யானைமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசுவது வீண் முயற்சி. கருங்கல்லைத் துளைத்து அலை போகாது.

தூரத்தைக் கூட்டுவது சக்தி அல்ல, உயரம். அதனால் நாலு செட்டில் ஒன்று எப்போதும் உயரமான மொட்டைமாடியில் இருக்கட்டும். அந்த ஆள்தான் நடுவர்: படித்துறையில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு, தெருக்கோடியில் வண்டியோடு நிற்பவருக்குத் திரும்பச் சொல்வார். நாலாவது செட் சார்ஜில் இருக்கும் மாற்று. தகர ஷீட் போட்ட மாடியில் ஷீட்டுக்கு அடியில் நிற்காமல் திறந்த கைப்பிடிச் சுவர் ஓரமாக நில்லுங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் மாடிப்படி அறைக்குள் இறங்கி ஜன்னல் வழியாகப் பேசுங்கள். ஐப்பசி மின்னலில் மொட்டைமாடியில் நிற்பது முட்டாள்தனம்.

அமைக்கும் வேலை ஒரு மாலையில் முடியும். எல்லா செட்டையும் முழுசாக சார்ஜ் செய்து, ஒரே மேஜையில் வைத்து, ஒரே ஆள் அமைக்கட்டும். ஒரே சானல் போடுங்கள். பழைய செட்டுகளில் 8 சானல்தான் உண்டு, புதியவற்றில் 16, எனவே கலந்து வைத்திருந்தால் 1 முதல் 8-க்குள் எடுங்கள். டிஜிட்டல் செட்டும் அனலாக் செட்டும் ஒன்றோடொன்று பேசாது.

அடுத்தது டோன், அதாவது குரலோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி. மெனுவில் சி.டி.சி.எஸ்.எஸ். என்றோ 'பிரைவசி கோட்' என்றோ இருக்கும். பெயரைப் பார்த்து ரகசியம் என்று நம்பாதீர்கள். உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம், அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுப்பதோடு சரி. இரண்டு செட்டில் டோன் மாறிவிட்டால் விளக்கு எரியும், சத்தம் வராது. 'செட் ரிப்பேர்' என்று கடைக்குப் போகும் பலருக்கு இதுதான் கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி டோன் வரிசை எண்ணும் மாறலாம். அவசரகாலத்துக்கு டோனை அணைத்தே வையுங்கள். வாய்ஸ் பட்டு தானாக ஒலிபரப்பும் வாக்ஸ் வசதியையும் அணையுங்கள். மழைச் சத்தத்துக்கே அது திறந்துகொண்டு சானலை அடைத்துவிடும். யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை, இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் தூரத்துக் குரலும் சேர்ந்து அடைபடும். கடைசியாக, பட்டன்கள் தெரியாமல் அழுந்தாதபடி பட்டன் லாக் போடுங்கள்.

இனி நடந்து பார்க்க வேண்டும். ஒருவர் மாடியில், இன்னொருவர் ஓபுளா படித்துறையிலிருந்து நூறு அடிக்கு ஒருமுறை நின்று கூப்பிட வேண்டும். கேட்ட இடம், கேட்காத இடம் இரண்டையும் தெருப் படத்தில் குறியுங்கள். கேட்காத இடத்தில் உடனே கைவிட வேண்டாம். இந்த அலையின் நீளம் சுமார் 67 செ.மீ.; சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் உண்டு. ஓரடி நகர்ந்தாலே குரல் திரும்பி வரும். இடுப்பில் செருகியபடி பேசினால் உடம்பே பாதியை விழுங்கிவிடும். ஏரியல் செங்குத்தாக, முகத்துக்கு முன்னால் நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். மழை இந்த அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மைக் துளையில் நீர் புகுந்தால்தான் குரல் கம்மும். செட்டைத் தலைகீழாக உதறினால் போதும்.

பட்டனை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும், 'வர வேண்டாம்' என்பதில் எது வெட்டுப்பட்டது என்று தெரியாது. ஆட்கள் மாறுவார்கள் என்பதால் கூப்பிடும் பெயர் இடத்தின் பெயராக இருக்கட்டும்:

"மாடி, மாடி, இது படித்துறை. ஓவர்."
"படித்துறை, மாடி கேக்குது, சொல்லுங்க. ஓவர்."
"தண்ணி ரெண்டு படி கீழ நிக்குது. பத்து நிமிசத்துல ஒரு படி ஏறியிருக்கு. ஓவர்."

மாடியில் இருப்பவர் அதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். எண்களில் கவனம்: இரைச்சலில் இருபதும் அறுபதும் ஒன்றாகக் கேட்கும், எழுபதும் எண்பதும் அப்படித்தான். 'ரெண்டு, சைபர்', 'ஏழு, சைபர்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

இந்தச் சானலில் போலீஸோ தீயணைப்புத் துறையோ கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். எங்காவது செல்போன் சிக்னல் கிடைக்கும் ஆள் ஒருவரைத் தேடி வைத்து, 112-க்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையான 1077-க்கும் சொல்லும் பொறுப்பை அவரிடம் விடுங்கள்.

எப்போது செட்டை ஆன் செய்வது? வைகை அணையின் முழு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. முதல் எச்சரிக்கைக்கே சார்ஜ் போடுங்கள். இரண்டாவதிலிருந்து மணிக்கு மணி முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் ஆன் செய்து பெயர் சொல்லி இருப்பை உறுதிப்படுத்தினால் பேட்டரி மிஞ்சும்.

மழை இல்லாத மாதங்களில் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள். சித்திரை வெயிலில் கார் டாஷ்போர்டில் விட்டுவிடாதீர்கள். சாதா பேட்டரி போடும் செட்டானால் கழற்றி வையுங்கள். அது ஒழுகி உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். பதில் வராத செட்டை அன்றைக்கே எடுத்துப் பாருங்கள்: லாக் விலகி சானல் மாறியிருக்கும், அல்லது சார்ஜர் முனையில் அழுக்கு படிந்திருக்கும், அதை அழிரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும்.